ஓவனுக்குள் இருந்த சட்டிகள்

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்பதை, அவர் சாசேஜ் சுட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கண்டுபிடித்தேன். யாரும் வந்து போட்டுக்கொடுக்கவில்லை. சட்டைப் பையில் எதுவும் சிக்கவில்லை, நான் அவர் போனை நோண்டவும் இல்லை. மனுஷன் என் சமையலறையில் நின்று சமைத்தார், அவ்வளவுதான்.

அன்று மாப்பிள்ளை மத்தியானம் சாப்பிட வருவதாக இருந்தது. மகள் கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வர வேண்டும், நாலு பேருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாயங்காலம் அவர் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதுதான் திட்டம். திட்டம் போட்டவள் நான். மகள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதை நான் சரி என்று வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்குக் கார் ஷோரூமில் வேலை. விற்கிற வாய். அந்த வாய் வீட்டுக்குள்ளும் விற்கிறது என்பதுதான் மகளின் புகார்.

"பொய் சொல்றாரும்மா. ஷோரூம்ல இருக்கேங்கறாரு, போன் பண்ணா அங்க இல்ல. எங்க இருந்தீங்கன்னு கேட்டா அதுக்கு இன்னொரு பொய்."

"ஆம்பளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. விட்டுப் பிடிக்கணும்டி. உங்கப்பாவப் பாரு. வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை. சும்மாவா ஆனாரு? நான் பழக்கி எடுத்தேன்."

இதை நான் ஒரு தடவை சொல்லியிருந்தால் பரவாயில்லை. துணி மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அவள் தூங்கப் போகும்போது என்று அந்த மாதம் முழுக்க 'உங்கப்பாவப் பாரு' என்று பாடிக்கொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அப்புறம் எழுந்து போய்விடுவாள். என் வாய்ச் சாமர்த்தியத்தில் மடங்கிவிட்டாள் என்று நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொள்வேன்.

அந்த உத்தம புருஷர் ஓவன் மெக்கானிக். வேனில் கம்பியும் ஹீட்டர் காயிலும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஓவன்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு கஸ்டமர் வேண்டாமென்று ஒதுக்கிய ஓவனை எடுத்து வந்து, கழற்றி மாட்டி, பளபளவென்று துடைத்து என் சமையலறையில் வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே, "இது கரண்டைக் குடிக்கும். எல்லாத்தையும் அடுப்புலயே பண்ணிக்க" என்றார். பண்ணிக்கொண்டேன். சும்மா கிடந்த ஓவனுக்குள் சட்டிகள் குடிபோயின. பெரிய வாணலி, அதற்குள் சின்ன வாணலி, கறுப்புப் பிடி போட்ட வறுவல் சட்டி, சல்லடைகள், எதற்கும் பொருந்தாத மூடிகள், மேல் தட்டில் பிளாஸ்டிக் டப்பாக்கள். இடம் இல்லாத வீட்டில் அது அருமையான அலமாரி. கண்ணாடிக் கதவு வேறு.

இந்த ஓவனுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். முதலில் கதவைத் திற, சட்டியை எல்லாம் எடுத்துத் தரையில் வை, அப்புறம் குமிழைத் தொடு. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரே ஒரு நாள் கேக் செய்தோம். அன்று சமையலறையில் கால் வைக்க இடமில்லை. அவளும் நானும் சட்டிகளைத் தாண்டித் தாண்டிக் குதித்துச் சிரித்தது நினைவிருக்கிறது. அவர் அன்று வேலைக்குப் போயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனவர் ஒரு பெரிய பாக்கெட்டோடு வந்தார். உள்ளே வெளுத்த நிறத்தில், விரல் தடிமனை விடப் பெரிதாக, பச்சை இறைச்சி அடைத்த சாசேஜ்கள். பிராட்வர்ஸ்ட் என்று போட்டிருந்தது.

"மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்ல. நானே பண்ணிடறேன்" என்றார்.

"யாரு, நீங்களா?"

"ஏன், நான் பண்ணக் கூடாதா?"

வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை மனுஷன். டீ ஆறிவிட்டது என்றால் ஆறின டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எழுந்து சூடு பண்ண மாட்டார். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகள் வாழ்க்கைக்காக அப்பன் சமையலறைக்குள் நுழைகிறானே என்று. அவளைக் கூப்பிட்டு, "பாத்தியா உங்கப்பாவ?" என்றும் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் உள்ளே வந்தார். நேராகப் போய் ஓவன் குமிழை இருநூறு டிகிரியில் வைத்தார். திரும்பி வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

நான் அப்போது ஹாலில் மேஜைக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். மூக்கைத் துளைக்கிற பிளாஸ்டிக் நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஓவனுக்குள் புகை மண்டிக் கிடக்கிறது. குமிழை அணைத்துக் கதவைத் திறந்தேன். மேல் தட்டு டப்பாக்கள் உருகிக் கம்பி வழியாக வாணலிக்குள் ஒழுகிக்கொண்டிருந்தன. வறுவல் சட்டியின் கறுப்புப் பிடி கொப்புளம் போட்டிருந்தது.

கத்தியைக் கையில் பிடித்தபடி அவர் எட்டிப் பார்த்தார். உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"இதுக்குள்ள யாரு இதெல்லாம் வச்சது?"

எங்கள் வீட்டு ஓவனுக்குள் சட்டி இருக்கிறது என்று கேஸ் சிலிண்டர் போட வருகிற ஆளுக்குக்கூடத் தெரியும். ஓவன் என்றால் திருகினதும் சுடும், உள்ளே காலியாக இருக்கும் என்று நினைக்க, தினம் காலியாக இருக்கிற ஒரு ஓவனோடு பழகியிருக்க வேண்டும்.

இது அந்த நிமிஷமே எனக்கு உறைத்தது என்று சொன்னால் பொய். அப்போது எனக்கு வந்தது வெறும் எரிச்சல்தான். "உங்க வீட்லதாங்க இருக்கீங்க" என்று கத்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். மகளும் நானும் சட்டிகளை இழுத்துப் போட்டு, உருகியதைச் சுரண்டி எடுத்தோம். நல்ல வேளையாக ஓவனின் அடியில் எதுவும் ஒட்டவில்லை. துடைத்து முடித்ததும் அவர் மறுபடி குமிழைத் திருகினார். இந்தத் தடவை நான் ஹாலுக்குப் போகவில்லை. கதவோரம் நின்றுகொண்டேன்.

கம்பித் தட்டை எடுத்து அதன் மேல் சாசேஜ்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக வைத்தார். கீழே ஒரு ட்ரே. அதில் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினார்.

"தண்ணி எதுக்கு?"

"கொழுப்பு சொட்டும்ல. காஞ்ச ட்ரேல விழுந்தா ஒரே புகையாயிடும்."

நான் முள்கரண்டியை நீட்டினேன். "நாலு குத்து குத்தி வைக்க வேணாமா? வெடிச்சிடப் போகுது."

"ஐயோ, குத்தாத. குத்தினா சாறெல்லாம் போயிடும். முதல்ல எல்லாம் நானும் குத்திக்கிட்டுத்தான் இருந்தேன். சக்கையாப் போகும்."

முதல்ல எல்லாம்.

"எப்பங்க குத்தினீங்க?"

அவர் தட்டையும் ட்ரேயையும் ஓவனுக்குள் தள்ளிக் கதவை மூடினார். "கஸ்டமர் வீட்ல பண்ணுவாங்க. பாத்திருக்கேன்."

கஸ்டமர் வீட்டில் பார்த்தவனுக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியலாம். குத்திக் கெடுத்துத் திருந்த முடியாது. ஆனால் இதையும் நான் விட்டிருப்பேன். விட்டுப் பிடிக்கிறவள் ஆயிற்றே. என்னை விடவிடாமல் செய்தது அவருடைய கை.

பாதி வெந்ததும் திருப்பிப் போட வேண்டும் என்று ஓவன் பக்கம் குனிந்தார். குனிந்தபடியே இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே வெறும் சுவர். சுவரைத் தடவிய கை, திரும்பி வந்தது. அவர் பார்வை ஓவன் மேலேயே இருந்தது. கை மறுபடி அதே இடத்துக்குப் போனது, அதே உயரத்துக்கு, எதையோ கொக்கியிலிருந்து எடுக்கிற மாதிரி விரலை மடக்கிக்கொண்டு. அப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் சூடான சட்டியைப் பிடிக்கிற துணி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது.

நான் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிறவள். கடையில் ஒரு தடவை என் மிஷினை வேறு மூலைக்கு மாற்றினார்கள். கத்தரிக்கோல் வலது பக்கம் வந்துவிட்டது. என் கை மட்டும் ரொம்ப நாளைக்கு இடது பக்கமே போய்க் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மிஷின்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். கைக்குப் புத்தி கிடையாது, பழக்கம் மட்டும்தான். ஒரு நாள் இரண்டு நாளில் அந்தப் பழக்கம் வராது, வருஷக் கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் வரும்.

கதவுக்குப் பின்னாலிருந்து துணியை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இடுக்கி வேண்டும் என்று தொட்டிக்குக் கீழே இருக்கிற இழுப்பறையை இழுத்தார். அதில் நான் பழைய பைகளை வைத்திருக்கிறேன். இடுக்கி அவர் கண்ணெதிரே ஜாடியில் நின்றுகொண்டிருந்தது. அதையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவர், "தேங்க்ஸ்" என்றார்.

இவருக்கு ஒரு வீட்டில் துணி இடது பக்கம் தொங்குகிறது, இடுக்கி இழுப்பறையில் இருக்கிறது, ஓவன் ஓவனாக இருக்கிறது. அங்கே கரண்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே இவர் சமைக்கிறார். நான் இத்தனை வருஷம் பழக்கி எடுத்ததாகப் பீற்றிக்கொண்ட ஆளை எவளோ உண்மையிலேயே பழக்கி எடுத்திருக்கிறாள்.

வாசலில் மணி அடித்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு அவர் ஓடினார். நான் சிரித்த முகமாகப் போய் நின்றேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை, "எப்படி இருக்கீங்க அத்தை, இளைச்சுட்டீங்களே" என்றார். விற்கிற வாய்.

சாசேஜ்கள் பொன்னிறமாக, தோல் இறுகி, வெட்டினால் சாறு கசிகிற பதத்தில் மேஜைக்கு வந்தன. பக்கத்தில் வதக்கிய வெங்காயம், மகள் அவித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, கடுகு சாஸ். ஒரு வாய் வைத்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் கருகியிருந்தாலாவது, உப்புக் கரித்திருந்தாலாவது எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

"பிரமாதம் மாமா. ஓட்டல்ல கூட இப்படிக் கிடைக்காது. எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அது... தொழில் மாப்பிள்ளை. ஓவனோடதானே பொழப்பு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்ததை அவர் ரொட்டியால் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

சாப்பாடு பாதி முடிந்ததும் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். பேச வேண்டும் என்று முந்தின நாள் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கிளிப்பிள்ளை மாதிரி ஆரம்பித்தார்.

"இங்க பாருங்க மாப்பிள்ளை. பெரியவன் சொல்றேன்னு நெனைக்கக் கூடாது. குடும்பம்னா நம்பிக்கைதான். எங்க போறோம், எங்க வரோம்னு வீட்ல சொல்லிட்டாப் பிரச்சினையே இல்ல. நான் எத்தனையோ வீட்டுக்குப் போறேன். ஒரு நாள் இவ என்னக் கேட்டிருப்பாளா? கேளுங்க."

"தெரியும் மாமா" என்றார் மாப்பிள்ளை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "அத்தை கேட்கவே மாட்டாங்க. அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது. உங்கள மாதிரி எனக்குக் குடுத்து வைக்கல."

மகளின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. "உருளைக்கிழங்கு இன்னும் கொண்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போனாள். மேஜையில் உருளைக்கிழங்கு நிறையவே இருந்தது.

நான் பின்னாலேயே போனேன். சமையலறைத் தரையில் சட்டிகள் பரப்பியபடியே கிடந்தன. அவள் அவற்றுக்கு நடுவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"என்னதும்மா?"

"உங்கப்பாவோட அந்த வீடு."

அவள் திரும்பினாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. இரக்கம்தான் இருந்தது. பெற்ற பிள்ளை நம்மைப் பார்த்து இரக்கப்படுவதைப் போலக் கேவலம் எதுவும் இல்லை.

"ரொம்ப நாளாத் தெரியும்மா. காலேஜ் போற வழியில ஒரு தெருவுல அப்பா வேன் நிக்கும். ரிப்பேர்னு நெனச்சேன். எந்த ஊர் ஓவன்மா வாராவாரம் ரிப்பேர் ஆகும்?"

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா. எல்லார்கிட்டயும் அப்பாவப் பத்திப் பெருமையாப் பேசுவ. நான் எப்படிச் சொல்றது?"

"மாப்பிள்ளைக்கு யாரு சொன்னா?"

"நான்தான். கல்யாணமான புதுசுல. மனசு விட்டுப் பேசறேன்னு சொல்லித் தொலைச்சேன்." காலருகே கிடந்த ஒரு மூடியைத் தள்ளிவிட்டாள். "அவரு பொய்யக் கையும் களவுமாப் பிடிச்சேன்ல, அன்னிக்கு என்ன சொன்னாரு தெரியுமா? உங்கப்பா பண்ணலையா, உங்கம்மா வாயத் தொறந்தாங்களா, நீயும் அப்படியே இருந்துட்டுப் போன்னாரு. அதுக்குத்தான்மா நான் வந்தேன். பொய்யக் கூடத் தாங்கிக்குவேன். உன்ன மாதிரி ஆயிடுவேனோன்னு பயந்துதான் ஓடி வந்தேன். இங்க வந்தா நீயும் அதையே சொல்ற. உங்கப்பாவப் பாருங்கற."

ஒரு மாதம். துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவளை அணைத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, சுத்தமான கோபம். ஓவனில் கடைசியாக வைத்திருந்த சாசேஜ்கள் வெந்திருந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து துணியை எடுத்து, கம்பித் தட்டை வெளியே இழுத்தேன். உருகாமல் மிச்சமிருந்த ஒரு டப்பாவைக் கழுவித் துடைத்தேன். சாசேஜ்களை அதில் அடுக்கினேன். கொஞ்சம் வெங்காயமும் வைத்தேன். மூடினேன்.

மேஜையில் மாமனும் மருமகனும் கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டுட்டு நீங்க கிளம்புங்க. அவ வரமாட்டா" என்றேன்.

"என்ன அத்தை திடீர்னு? அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன்."

விற்கிற வாய்க்கு அன்று சரக்குத் தீர்ந்துபோயிருந்தது. அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார்.

"ஏய், என்ன ஆச்சு உனக்கு? கூப்பிட்டு உட்கார வச்சு..."

டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"சாசேஜ். ஆறதுக்குள்ள கொண்டு போய்க் குடுங்க."

"யாருக்கு?"

"துணி இடது பக்கம் தொங்குற வீட்டுக்கு."

மாப்பிள்ளை மெதுவாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். சமையலறை வாசலில் மகள் வந்து நின்றாள். நான் காத்திருந்தேன். என்னவோ உளறுகிறாய் என்று அவர் கத்துவார், பைத்தியமா உனக்கு என்று மேஜையைத் தட்டுவார், மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், அப்போது அத்தனையையும் அவர் மூஞ்சியில் விட்டெறியலாம் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் கேட்காததை எல்லாம் வாயில் வரிசையாக வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்தார். கையைக் கழுவினார். டப்பாவை எடுத்தார். மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நாலு மூலையிலும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வேன் சாவியை எடுத்தார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அந்த ஒரு நேரத்திலாவது மனுஷன் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.